இரண்டாவது பிரேக்

பஞ்சு மாஸ்டரின் வலது காலுக்குத் தனிப் புத்தி. பேருந்தில் போனால் முன் இருக்கையின் அடியை அழுத்தும். லிஃப்டில் இறங்கும்போது தரையை அழுத்தும். தொலைக்காட்சியில் இரண்டு கார்கள் துரத்திக்கொண்டால் சோபாவுக்கு முன்னால் கிடக்கும் மிதியடியை அழுத்தும். மிதியடியின் ஒரு மூலை நைந்துபோனது. மனைவி அதைத் திருப்பிப் போட்டாள். இப்போது மறுமூலை நைகிறது.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பள்ளி என்பது ஓர் அறை, ஒரு மேசை, சாலைச் சின்னங்கள் அச்சிட்ட படம் ஒன்று, வாசலில் ஒரு வெள்ளைக் கார். அந்தக் காரில் ஓட்டுகிறவருக்கு இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையின் கீழும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். இதிலும் இதற்கு முந்தைய காரிலுமாகப் பத்தொன்பது வருடமாக மாஸ்டரின் கால் அங்கேதான் குடியிருக்கிறது.

பஞ்சு என்பது பட்டப்பெயர். அவருடைய கார் எங்கே நின்றாலும் பஞ்சு மூட்டையில் சாய்ந்ததுபோல நிற்கும் என்று எவரோ சொல்லப்போய் ஒட்டிக்கொண்டது. அவர் குணத்துக்கும் பொருந்தியது. எதிர்த் தெருப் பள்ளியின் மாஸ்டர் போடும் சத்தம் இரண்டு சிக்னல் தாண்டிக் கேட்கும். அவரிடம் படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே காரிலிருந்து இறங்குவார்கள். பஞ்சு மாஸ்டரிடம் படிக்கிறவர்கள் பேசிக்கொண்டே இறங்குவார்கள். லாரியின் பின்னால் ஒரு முழ இடைவெளியில் வண்டி நிற்கும். மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, இன்னும் கொஞ்சம் முன்னாடியே யோசிக்கலாம் என்பார். அவர் திட்டுவது அவ்வளவுதான்.

அவருடைய மாணவர்களில் முதல் தடவையே தேர்வில் தேறியவர்கள் அதிகமில்லை. இரண்டாவதில் தேறினார்கள், மூன்றாவதில் தேறினார்கள். எல்லோரும் தேர்வு அதிகாரியைத்தான் திட்டினார்கள். இவ்வளவு பொறுமையான மனிதரைக் குறை சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை.

நான்காவது தடவையில் தேறியவர் ஓய்வுபெற்ற ஆங்கில டீச்சர். அறுபத்தேழு வயது. மகன் கார் ஓட்டும்போது கைப்பேசியைப் பார்க்கிறான் என்பதற்காக, இனி நானே ஓட்டிக்கொள்கிறேன் என்று கிளம்பி வந்தவர். ஒருநாள் பாலத்துக்கு முன்னால் சிக்னல் வரிசையில் நின்றிருந்தார்கள். பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. டீச்சர் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். லாரி அடங்கியது. புரியாததால் இருக்கலாம். பள்ளிக்கூடக் குரல் என்பதாலும் இருக்கலாம்.

என்ன சொன்னீர்கள் என்று மாஸ்டர் கேட்டார்.

"உன் குதிரைகளைப் பிடிச்சு நிறுத்துன்னு சொன்னேன். பறக்காதே, கொஞ்சம் பொறுன்னு அர்த்தம்."

குதிரை எங்கே வந்தது என்று அவர் கேட்டிருக்கக் கூடாது. டீச்சருக்கு முப்பத்தைந்து வருடப் பாடம் நடத்திய பழக்கம். கார் வருவதற்கு முன்னால் தெருவில் ஓடியது குதிரை வண்டிதான் என்று ஆரம்பித்தார். முன்னால் ஒரு வண்டி அசைந்தாலும், பக்கத்தில் மேளச் சத்தம் கேட்டாலும் குதிரை இழுக்கும். ஓட்டுகிறவன் இரண்டு கைகளாலும் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது நிஜக் குதிரைகளைக் காட்டி அவனிடம் நிஜமாகவே சொன்னது அந்த வாக்கியம். பிறகு குதிரைகள் போய்விட்டன, பேச்சு தங்கிவிட்டது. நூற்றெண்பது வருடத்துக்கு முன்னாலேயே அமெரிக்கப் பத்திரிகைகளில், ஜனங்கள் பேசுகிற கொச்சையிலேயே அச்சாகியிருக்கிறது. அதற்கு முன் எவ்வளவு காலம் வாயில் புழங்கியது என்பது யாருக்கும் தெரியாது. குதிரைகளைப் பூட்டிப் பீரங்கி இழுத்த சிப்பாய்கள் சொன்னது என்பார்கள், பழைய காலத்துத் தேர்ப்பந்தயம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆதாரம் கேட்டால் மழுப்புவார்கள்.

இதற்குள் மூன்று தடவை பச்சை விழுந்து அணைந்துவிட்டது. லாரிக்காரன் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

"ஒண்ணு கவனிங்க மாஸ்டர்," என்றார் டீச்சர், கியரைத் தேடிக்கொண்டே. "அது கடிவாளம் யார் கையில இருக்கோ அவனுக்குச் சொல்ற வார்த்தை. பக்கத்துல உக்காந்திருக்கறவன் சொல்லலாம். பிடிக்க முடியாது."

மாஸ்டர் அன்று சாயங்காலம் முழுக் கதையையும் மனைவியிடம் ஒப்பித்தார். மறுநாளிலிருந்து அவர் நினைவில் குதிரை மட்டும் நின்றது. பழுப்புக் குதிரை ஒன்றின் ஸ்டிக்கர் வாங்கி, காரில் தன் இருக்கைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டார். வருகிற ஒவ்வொரு மாணவருக்கும் அந்தக் கதையைச் சொன்னார். "குதிரையைப் பிடிங்க" என்பது அவர் வாயில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவர் சொல்வார், வண்டி நிற்கும்.

மனைவி கிளை நூலகத்தில் வேலை பார்த்தாள். புத்தகத்தை வாங்கி, முத்திரை குத்தி, திருப்பிக் கொடுக்கும் மேசை. மேசைக்குப் பின்னால் பெரிய ஜன்னல். பதினோரு வருடமாக அவள் முதுகுதான் அந்த ஜன்னலைப் பார்த்திருந்தது. நூலகத்துக்கு ஒரு வேன் உண்டு. பின்பக்கம் முழுவதும் அலமாரி. வாரத்துக்கு நான்கு நாள் மேட்டுக் குடியிருப்பு, மருத்துவமனை, துறைமுகம் என்று சுற்றிவரும். அதை ஓட்டியவர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். முப்பதாம் தேதிக்குள் உரிமம் காட்டினால் வேன் உனக்கு, இல்லையென்றால் தலைமையகத்திலிருந்து ஒரு டிரைவர் வருகிறார் என்று தலைமை நூலகர் சொல்லிவிட்டார். அந்த டிரைவரைப் பற்றி அவள் விசாரித்தாள். படிப்பதென்றால் அவருக்கு வேப்பங்காய். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எந்தெந்தப் புத்தகம் என்று அவள் பட்டியலே போட்டு வைத்திருந்தாள். மருத்துவமனைக்கு நகைச்சுவை, துறைமுகத்துக்குத் துப்பறியும் கதைகள்.

புருஷனிடமே வண்டி கற்கப் போகிறாள் என்று கேள்விப்பட்ட உறவுக்காரர்கள், ஒரு வாரத்தில் ஆளுக்கொரு வீடு பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவைக்கிற மனிதர், காரில் ஏறியதும் சாதுவாக மாறினார். இரண்டாம் நாள் அவள் கேட்டாள்:

"இருபது வருஷமா இந்த மனுஷன எங்கங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

முதல் தேர்வு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஒரு பெண் சாலையைக் கடக்க இறங்கினாள். பக்கத்து இருக்கையில் இருந்த அதிகாரி தன் காலுக்குக் கீழே இருந்த பிரேக்கை அழுத்தினார். அதிகாரியின் கால் அந்த பிரேக்கில் பட்டால் தேர்வு அத்துடன் முடிந்தது என்பது விதி. இரண்டாவது தடவை ரவுண்டானாவில் அதேபோல.

"நான் நிறுத்தத்தான் போனேன். அதுக்குள்ள அந்த ஆளு அவசரப்பட்டுட்டாரு," என்றாள்.

"அவருக்குக் குதிரையப் பிடிக்கத் தெரியல," என்றார் மாஸ்டர். இரண்டு பேரும் சிரித்தார்கள். மூன்றாவது தேர்வுக்குக் கிடைத்த நாள் இருபத்தெட்டாம் தேதி. அதற்குப் பிறகு முப்பதுக்குள் வேறு நாள் இல்லை.

தேர்வுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது காரை அவளுடைய தம்பியின் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். தம்பி ஒல்லி. காருக்குள் தலைகீழாக மடங்கி, பெடல்களுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்வான். அவன் குரல் தரையிலிருந்து வந்தது.

"மச்சான், உங்க பக்கத்து பிரேக் ரப்பர் போயிடுச்சு. இதோட மூணாவது தடவை மாத்தறேன்."

மூணாவதா என்று அவள் குனிந்து பார்த்தாள். மாஸ்டரின் பிரேக்கில் இருந்த ரப்பர் தேய்ந்து, நடுவில் இரும்பு பளபளத்தது. அவள் கண் பக்கத்துக்குப் போனது. ஓட்டுகிறவருடைய பிரேக். அதன் ரப்பரில் கோடுகள் புது பிஸ்கட்டில் இருப்பதுபோலத் தெளிவாக இருந்தன.

இதை எப்போது மாற்றினாய் என்று தம்பியைக் கேட்டாள்.

"அதுவா? அது வண்டியோட வந்தது. பத்து வருஷம்." அவன் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான். "இந்த வண்டிய யாரு ஓட்டறாங்கன்னு எனக்கு ரொம்ப நாளாவே சந்தேகம் மச்சான்."

மாஸ்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். தபால் நிலையத்துக்கு முன்னால் சிவப்பு விழுந்தது. அவள் கால்கள் இரண்டையும் பின்னால் இழுத்துக்கொண்டு, சாலையைப் பார்க்காமல் மாஸ்டரின் காலைப் பார்த்தாள். மாஸ்டர் சிவப்பு விளக்கைப் பார்த்து, குதிரையைப் பிடி என்றார். கால் இறங்கியது. கார் பஞ்சு மூட்டையில் சாய்ந்ததுபோல நின்றது.

"யாருங்க நிறுத்தினது?"

"நீதான்."

"என் கால் எங்க இருக்குன்னு பாருங்க."

அவர் பார்த்தார். பிறகு தன் காலையும் பார்த்தார். அது அவருக்குச் சம்பந்தமில்லாததுபோல அங்கே உட்கார்ந்திருந்தது.

"இந்த வண்டி தானா மெதுவாகற வண்டின்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள் அவள். "டீச்சர் உங்ககிட்ட என்ன சொன்னாங்க? கடிவாளம் யார் கையில இருக்கோ அவங்களுக்குச் சொல்ற வார்த்தைன்னு. நீங்கதான் வந்து எங்கிட்ட ஒப்பிச்சீங்க. பிடி பிடின்னு எனக்குச் சொல்லிட்டு நீங்களே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

"நான் அழுத்தலேன்னா நீ இடிச்சிருப்பே."

"இடிச்சிருக்கலாம். இல்லேன்னா நிறுத்தக் கத்துக்கிட்டிருக்கலாம். ரெண்டுல ஒண்ணு நடந்திருக்கும்."

பச்சை விழுந்து பின்னால் ஹாரன் கேட்டது. இந்தத் தடவை யாரும் யாரிடமும் குதிரையைப் பற்றிப் பேசவில்லை.

மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது அவளுக்கு வேன் கிடைக்காமல் போகலாம் என்பது மட்டுமல்ல. பத்தொன்பது வருடமாக ஊரே மெச்சிய பொறுமை எங்கே இருந்தது என்று அவர் யோசித்தார். கத்தத் தேவையே இருந்ததில்லை. கத்த வேண்டிய இடம் வருவதற்குள் கால் போய் வேலையை முடித்துவிட்டது. அந்தப் பொறுமையின் தடிமன் ஒரு ரப்பர் துண்டு. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தேறியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அத்தனை பேரும் சேர்ந்து அதிகாரியைத் திட்டியதும் நினைவுக்கு வந்தது. அதிகாரிமேல் முதன்முறையாக இரக்கம் வந்தது.

மறுநாள் விடிந்ததும் தன் காலைக் கட்டுப்படுத்தப் பார்த்தார். பின்னால் இழுத்து வைத்தார், அது முன்னால் வந்தது. செருப்பைக் கழற்றினார், வெறுங்காலோடு போய் அழுத்தியது. அந்த பெடலையே கழற்றித் தருகிறேன் என்றான் அவள் தம்பி. கற்றுக்கொடுக்கிற கார் அது இல்லாமல் சாலைக்கு வரக் கூடாது. கடைசியில் அவள்தான் வழி சொன்னாள்.

"சம்மணம் போட்டு உக்காருங்க."

"காருலயா?"

"வேற எங்க? வீட்டுல உக்காந்து எனக்கு என்ன ஆகப்போகுது?"

ஐம்பத்துமூன்று வயது முழங்கால் இரண்டு சத்தம் போட்டு மடங்கியது. தொப்பைக்கும் சீட்பெல்ட்டுக்கும் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. மாஸ்டர் இருக்கையில் சம்மணமிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்து அமர்ந்தார். கைபிரேக்கின் மேல் கை வைத்துக்கொள்ளலாம், இழுக்கக் கூடாது என்று ஒப்பந்தம்.

மூடிக் கிடந்த மொத்த வியாபாரச் சந்தையின் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனார்கள். தம்பி பட்டறையிலிருந்து ஆறு காலிப் பிளாஸ்டிக் டிரம்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அவள் முதல் டிரம்மை நோக்கி ஓட்டினாள். மாஸ்டர் அதை வெகு தூரத்திலேயே பார்த்துவிட்டார். கால் துடித்தது, போக வழியில்லை. அப்போது அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிரேக்கு என்ற வார்த்தைதான் அது. ஆனால் அந்தக் குரலை அவரே அதற்கு முன் கேட்டதில்லை. டிரம் உருண்டது. இன்ஜின் அணைந்தது. சந்தைக் கூரையிலிருந்து புறாக்கள் கிளம்பின.

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று அவர் பயந்துபோய்த் தோளைத் தொட்டார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எதிர்த் தெரு மாஸ்டர் எப்ப வந்து உக்காந்தாருன்னு பாத்தேன்."

அன்று நான்கு டிரம்கள் உருண்டன. மறுநாள் இரண்டு. மாஸ்டரின் தொண்டை கட்டிவிட்டது. மூன்றாம் நாள் அவரால் கத்த முடியவில்லை, அதனால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் டிரம்மைப் பார்ப்பதற்கும் அவள் கால் பிரேக்குக்குப் போவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அரை நொடி இருக்கலாம். பத்தொன்பது வருடத்தில் அந்த இடத்துக்குள் அவர் போனதே இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் பயம்தான். அதில் அவர் உட்கார்ந்திருந்தார். கார் நின்றது. பஞ்சு மூட்டையெல்லாம் இல்லை, தலை முன்னால் போய் வந்தது. ஆனால் டிரம் நின்ற இடத்தில் நின்றது.

ஐந்தாம் நாள் சாலைக்கு வந்தார்கள். பாலத்துச் சிக்னலில் பக்கத்தில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்று கண்ணாடியை இறக்கியது. ஆங்கில டீச்சர்.

"என்ன மாஸ்டர், தியானமா?"

"கடிவாளத்த இவகிட்ட குடுத்திருக்கேன் டீச்சர்," என்றார் மாஸ்டர் கரகரத்த குரலில்.

டீச்சர் அவருடைய மடங்கிய கால்களைப் பார்த்தார், கீழே காலியாக இருந்த பெடலைப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு ஒரு சிவப்பு விளக்கு போதும்.

"எனக்கு நாலு தடவ ஆச்சு மாஸ்டர். இத ரெண்டாவது தடவையாவது யோசிச்சிருக்கக் கூடாதா?"

பச்சை விழுந்ததும் டீச்சர் போய்விட்டார். மாஸ்டர் காது வரைக்கும் சிவந்திருந்தார். மனைவி பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு முதல் கியர் போட்டாள்.

இருபத்தெட்டாம் தேதி அதே அதிகாரி. அட்டையில் கிளிப் போட்ட காகிதம், எண்ணிப் பேசும் பேச்சு. கார் வெளியே போனதும் மாஸ்டர் வளாகத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எதிர்த் தெரு மாஸ்டரும் தன் மாணவனுக்காக அங்கே காத்திருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"என்ன பஞ்சு, தரைய எதுக்குய்யா மிதிச்சுக்கிட்டே இருக்கே? பூச்சியா?"

மாஸ்டர் கால்களைப் பெஞ்சின் மேல் மடக்கிக்கொண்டார்.

இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஐந்து நிமிடத்தில் திரும்பி வரவில்லை என்பதே ஆறுதல். பிறகு வெள்ளைக் கார் தெருமுனையில் திரும்புவது தெரிந்தது. அதே சமயம் வளாகத்துக்குள்ளிருந்து ஒருவர் பழைய நாற்காலிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிய தள்ளுவண்டியை நுழைவாயிலுக்குக் குறுக்கே தள்ளிக்கொண்டு போனார். நாற்காலிகள் மறைத்ததால் அவருக்குச் சாலை தெரியவில்லை. மாஸ்டருக்கு இரண்டும் தெரிந்தன. கத்தலாம், கேட்காது. அழுத்தலாம், சிமெண்டு பெஞ்சு. அந்த அரை நொடி வந்தது. அவர் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

காரின் மூக்கு தரையை நோக்கிக் குனிந்து நின்றது. நாற்காலிகள் ஆடிக்கொண்டே கடந்து போயின. தள்ளுகிறவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார் மறுபடி கிளம்பும்போது ஒரு தடவை அணைந்தது, பிறகு உள்ளே வந்து கோட்டுக்குள் நின்றது.

அதிகாரி இறங்கிக் காகிதத்தில் எழுதினார். எழுதிவிட்டு மாஸ்டரிடம் வந்தார்.

"போன ரெண்டு தடவயும் வந்தது இவங்களேதானா?"

அவங்களேதான் என்றார் மாஸ்டர்.

"நிறுத்தறதுல குறை இல்ல. கிளம்பறதுக்குத்தான் கொஞ்சம் யோசிக்கறாங்க. அது போகப்போக வந்துடும்." கையெழுத்துப் போட்டுக் காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தார்.

அவள் காகிதத்தை வாங்கி நான்காக மடித்து, பிறகு பிரித்து, மறுபடி படித்தாள். எதிர்த் தெரு மாஸ்டர் வந்து வாழ்த்துச் சொன்னார். எத்தனை நாள் பாடம் என்று கேட்டார். மனைவி, பதினோரு நாள் என்றாள். அதற்கு முந்தைய மூன்று மாதத்தை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. மாஸ்டரும் திருத்தவில்லை.

அந்த வாரத்திலிருந்து எல்லா மாணவர்களுக்கும் சந்தை மைதானத்தில்தான் முதல் பாடம். மாஸ்டர் ஏறிச் சம்மணமிடுவார், டிரம் உருளும், சத்தம் போடுவார், இறங்கும்போது மன்னிப்புக் கேட்பார். ஒருவர் மட்டும் எதிர்த் தெருப் பள்ளிக்கு மாறிப் போய்விட்டார். அங்கே சத்தம் குறைவு என்றாராம்.

ஒன்றாம் தேதி வேன் கிளம்பியது. முதல் நாள் என்பதால் மாஸ்டரும் போனார். ஏறுவதற்கு முன் அவள் வெள்ளைக் காரிலிருந்து குதிரையை நகத்தால் உரித்தெடுத்து வந்து, வேனில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினாள். ஒரு பின்னங்கால் காரிலேயே தங்கிவிட்டது. பக்கத்து இருக்கையின் கீழே கால் வைக்க இடமில்லை. அலமாரியில் கொள்ளாத சிறுவர் புத்தகங்கள் ஓர் அட்டைப்பெட்டியில் அங்கே இருந்தன.

"அதுமேல கால வச்சுடாதீங்க," என்றாள் அவள்.

மேட்டுக் குடியிருப்புக்கு ஏறுகிற சாலையில் ஏழு திருப்பங்கள். மாஸ்டர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் பைகளோடு காத்திருந்தார்கள். வேன் அவர்களுக்கு இரண்டடி முன்னால், தலை முன்னால் போய் வருகிற மாதிரி, நின்றது. அவள் முத்திரையையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தாள்.

மாஸ்டர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். வலது மூலை நசுங்கியிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு பெட்டியைத் திருப்பி வைத்தார்.